ஹெம்மர்வார்ட் சங்கத்தின் பதினான்கு எழுத்துப் பூட்டு

மனிதன் பூட்டைக் கண்டுபிடித்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பூட்டுக்கு நீதி, நேர்மை, பாரபட்சமின்மை ஆகிய நற்குணங்களைக் கற்றுக்கொடுத்த பெருமை ஹெம்மர்வார்ட் கிராமத்துப் பனிச்சறுக்குச் சங்கத்தையே சேரும். நான் அந்தச் சங்கத்தின் குறிப்பெழுத்தர். நான் சொல்வதை நம்பாதவர்கள் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். நாற்பத்தொரு பக்கம் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கால்வாய் பதினோரு ஆண்டுகளாக உறையவில்லை. அதனால் சங்கம் சோம்பிக் கிடந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் நூற்று முப்பத்திரண்டு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். சறுக்குவதற்குப் பனிக்கட்டி வேண்டும். கூட்டம் நடத்த நாற்காலி போதும்.

நிர்வாகக் குழுவில் நாங்கள் நால்வர். தலைவர் வொப்கெ, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் காபி ஆறிய பிறகே முடிப்பார். டுர்க், லேவார்டன் நகரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து ‘தகவல் பாதுகாப்பு அதிகாரி’ ஆனவர். அதற்கு முன் விதை வியாபாரி. செயலாளர் ஹிஸ்கெ, அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி, சங்கத்தில் யாராவது ஏதாவது வேலை செய்திருந்தால் அது அவராகத்தான் இருக்கும். நான்காவது ஆள் நான். எல்லாவற்றையும் எழுதி வைப்பேன்.

சங்கத்தின் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் சங்கக் கூடத்துக் கணினியில் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. போன நவம்பர் வரை ஹிஸ்கெ அதை இரண்டு தட்டுத் தட்டித் திறப்பார், வேலையை முடிப்பார், மூடுவார். இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு டுர்க் முற்றுப்புள்ளி வைத்தார். தரவுத்தளத்தின் வாசலில் ஒரு நுழைவுப் படிவத்தை நிறுத்தினார். பெயர் ஒரு கட்டம், கடவுச்சொல் ஒரு கட்டம், கீழே ‘நுழை’ என்று ஒரு பொத்தான். கடவுச்சொல் சரியாகப் பதினான்கு எழுத்து இருக்கவேண்டும். அதில் ஓர் எண்ணும் ஒரு முற்றுப்புள்ளியும் கட்டாயம். நால்வரும் ஆளுக்கொன்று எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்தோம். டுர்க் தனியறையில் உட்கார்ந்து அவற்றை உள்ளே ஏற்றினார்.

“இனிமே கடவுளே வந்து கேட்டாலும் கடவுச்சொல் இல்லாம உள்ள போக முடியாது” என்றார் டுர்க்.

“கடவுள் நம்ம சங்கத்துல உறுப்பினர் இல்லையே” என்றார் ஹிஸ்கெ.

“அதான் சொல்றேன்.”

குளிர்காலம் ஈரமாகவே வந்தது, பனிக்கட்டி இல்லை, தரவுத்தளத்தைத் திறக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. பூட்டு மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்று ஜனவரிக் கூட்டத்தில் ஒருமனதாகப் பதிவு செய்தோம்.

பிப்ரவரியில் கிழக்கிலிருந்து காற்றடித்தது. ஐந்து நாட்களில் கால்வாயில் பதிமூன்று சென்டிமீட்டர் பனிக்கட்டி. ஹிஸ்கெ துளைபோட்டு அளந்து வந்து சொன்னபோது வொப்கெயே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பது கிலோமீட்டர் சறுக்கோட்டம் என்று முடிவானது. ஞாயிறன்று உருகிவிடும், சனி பிற்பகலிலேயே மழை வரலாம் என்று வானிலை அறிக்கை சொன்னது.

ஓட்டத்தில் இறங்குகிறவர் முதுகில் எண் இருந்தால்தான் காப்பீடு செல்லும். அந்த எண்கள் தரவுத்தளத்திலிருந்துதான் அச்சாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, எழுதியவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை ஹிஸ்கெ கணினி முன் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினார். பதினான்கு எழுத்தையும் தட்டினார். ‘நுழை’யை அமுக்கினார்.

‘கடவுச்சொல் தவறு.’

மறுபடி தட்டினார். தவறு. எழுத்து எழுத்தாக, ஒற்றை விரலால், உதட்டை அசைத்தபடி தட்டினார். தவறு.

“மறந்துட்டீங்க” என்றார் டுர்க், கனிவாக.

“டுர்க், என் கல்யாண நாளை மறந்திருக்கேன். இதை மறக்க மாட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு பயிற்சியிலயே சொன்னாங்க.”

வொப்கெ கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். தவறு. நான் உட்கார்ந்தேன். தவறு. கடைசியில், படைத்தவரே வந்து உட்கார்ந்தார். டுர்க் கண்ணை மூடிக்கொண்டு பதினான்கு எழுத்தையும் ஒரே வீச்சில் தட்டினார்.

‘கடவுச்சொல் தவறு.’

டுர்க்கின் முகத்தில் மெல்ல ஒரு பெருமிதம் படர்ந்தது.

“பாத்தீங்களா? என்னையே விடல. எவ்வளவு பாரபட்சமில்லாத பூட்டு.”

“அது சரிப்பா. உள்ள போய் என்ன கோளாறுன்னு பாக்க வேற வழி இருக்கும்ல?” என்று கேட்டார் வொப்கெ.

“இருக்கு தலைவரே. படிவத்துக்குப் பின்னால இருக்கற நிரலைத் திறக்கணும். அதுக்குத் தனிக் கடவுச்சொல்.”

“அது எங்க?”

“ரொம்பப் பாதுகாப்பான இடத்துல வச்சிருக்கேன்.”

“எங்கப்பா?”

“தரவுத்தளத்துக்குள்ள.”

இந்த நிலையில் ஒரு சாதாரணச் சங்கம் பதறியிருக்கும். நாங்கள் ‘பழுது கண்டறி துணைக்குழு’ அமைத்தோம். அதன் முதல் அமர்வு உடனே கூடி மூன்று காரணங்களை ஆராய்ந்தது. ஒன்று, பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கியிருக்கலாம், அமுங்கவில்லை. இரண்டு, கூடத்தில் சூடேற்றி வேலை செய்யாததால் விசைப்பலகை குளிரில் விறைத்திருக்கலாம். வொப்கெ வீட்டுக்குப் போய் மனைவியின் முடி உலர்த்தியைக் கொண்டுவந்தார். விசைப்பலகைக்குக் கால்மணி நேரம் சூடு காட்டினோம். இடைவெளிப் பொத்தான் சற்றே வளைந்தது. பூட்டு வளைந்து கொடுக்கவில்லை. மூன்றாவது காரணம் ஹிஸ்கெ. அவர் கை பட்டதிலிருந்துதான் கோளாறு என்பதைத் துணைக்குழு வருத்தத்துடன் குறித்துக்கொண்டது.

“கால்வாய் உறையற வாரம் பாத்து கம்ப்யூட்டரும் உறைஞ்சிருச்சு. பேசாம ஒரு அட்டையில நம்பரை நானே எழுதிக் குத்திவிடறேன்” என்றார் ஹிஸ்கெ.

“கையால எழுதின நம்பருக்குக் காப்பீடு கிடையாது” என்றேன். அந்த விதியின் நடை எனக்கே பிடித்திருந்தது.

ஹிஸ்கெ எழுந்து வெளியே போனார். அவர் முகம் சரியில்லாததால் நானும் பின்னால் போனேன். கரையில் கிடந்த பலகை மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மார்ச்ல ஆபரேஷன்” என்றார். “மூட்டையே மாத்தறாங்க. அதுக்கப்புறம் சறுக்குக் காலணி போடக்கூடாதுன்னுட்டாங்க.”

“நீங்க சொல்லவே இல்லையே?”

“கூட்டத்துல எந்த இடத்துல சொல்றது? ‘இதர விஷயங்கள்’லயா?” அவர் சிரித்தார். “போன ஓட்டத்துல விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியுது. முந்நூறு மீட்டர். கொடி ஆட்டறவன் மூக்கு சிவந்திருக்கறது கூடத் தெரிஞ்சுது. விழுந்தேன். தூக்கிட்டுப் போனாங்க. பதினோரு வருஷமா அந்த முந்நூறு மீட்டர் மேலதான் தூங்கிட்டு இருக்கேன்.”

துணைக்குழு பிற்பகலில் மறுபடி கூடுகிறது என்ற தகவலைத் தெரிவித்தேன்.

பிற்பகலிலும் பூட்டு அசையவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கரையில் நூற்றைம்பது பேர் கூடிவிட்டார்கள். காலணி கட்டியாகிவிட்டது, பட்டாணி சூப் கொதிக்கிறது, எண் மட்டும் இல்லை. காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டதை, பனி உருகப்போவதை எல்லாருடைய மூக்கும் சொன்னது. கூடத்துக்குள் நாங்கள் நால்வரும் ஐம்பத்திரண்டாவது முறையாகக் கடவுச்சொல் தட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பௌக்யா உள்ளே வந்தாள். பால் லாரி ஓட்டுகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும், மே மாதம்தான் எங்கள் ஊருக்குக் குடிவந்தாள். சூடான சாக்லேட்டுக்கென்று இரண்டு கேன் பாலை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டாள்.

“நானும் சங்கத்துல சேரலாமா? இன்னைக்கே ஓடணும்.”

“சேரலாம்மா. உன் பேரை உள்ள ஏத்தணும். ஆனா உள்ள போகவே முடியல” என்றார் ஹிஸ்கெ.

“என்ன பண்ணுது?”

“கடவுச்சொல் தப்புங்குது. நாலு பேருக்கும்.”

பௌக்யா குனிந்து திரையைப் பார்த்தாள். “நான் ஒரு தடவ தட்டிப் பாக்கவா?”

டுர்க் பரிதாபமாகச் சிரித்தார். “நீங்க உறுப்பினரே இல்லையே. உங்க பேரே அதுக்குத் தெரியாது.”

“தெரியாதவங்ககிட்ட அது எப்படிப் பேசுதுன்னு பாக்கறேன்.” அவள் பெயர்க் கட்டத்தில் ‘பௌக்யா’ என்று தட்டினாள். கடவுச்சொல் கட்டத்தில் ‘பால்’ என்று தட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

‘நல்வரவு’ என்றது தரவுத்தளம். திறந்துகொண்டது.

என் இருபது ஆண்டுக் குறிப்பெழுத்து வாழ்வில் முதல்முறையாகப் பேனா கீழே விழுந்தது.

“எப்படி உள்ள போனீங்க?” என்றார் டுர்க்.

“வாசல் வழியாத்தான்.”

“நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது.”

“அதனாலதான் மரியாதையா பேசுது போல.”

பௌக்யா மூடிவிட்டு மறுபடி முயன்றாள். இம்முறை ‘பதினாலாம் நம்பர் மாடு’ என்று பெயர் கொடுத்தாள். நல்வரவு. வொப்கெ அவளை விலக்கிவிட்டுத் தன் பெயரைத் தட்டினார். தவறு. அவசரத்தில் மறுபடி தட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போய், ‘வொகெ’ என்று விழுந்தது. நல்வரவு.

டுர்க் நிரலின் கடவுச்சொல்லை உள்ளேயிருந்து எடுத்து, நிரலைத் திறந்து, பத்து நிமிடம் மூக்கு திரையில் படும்படி படித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லுப்பா” என்றார் வொப்கெ.

“பெயரைப் பட்டியல்ல தேடுது. கிடைச்சா, அதுக்கு நேரா இருக்கற கடவுச்சொல்லையும் நாம தட்டினதையும் ஒப்பிட்டுப் பாக்குது. வேற வேறயா இருந்தா வெளிய தள்ளுது.”

“சரிதானே?”

“பெயர் பட்டியல்லயே இல்லன்னா, ஒப்பிட ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாதது எதுலேருந்தும் வேறன்னு சொல்ல முடியாதாம். வேறன்னு சொல்ல முடியலன்னா, உள்ள விட்டுருது.”

“அதாவது, யாருன்னே தெரியாதவங்களை எல்லாம் விடும்.”

“ஆமா.”

“நம்மள மட்டும் சோதிக்கும்.”

“ஆமா தலைவரே. நம்மள ரொம்பக் கவனமா சோதிக்கும்.”

“அது சரி, நம்ம கடவுச்சொல் ஏன் தப்பாச்சு?” இதைக் கேட்டவர் ஹிஸ்கெ. கேட்டுக்கொண்டே அவர் நிர்வாகிகள் அட்டவணையைத் திறந்துவிட்டார். நால்வரின் ரகசியமும் திரையில் பச்சையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. அட்டவணையில் கடவுச்சொல்லுக்குப் பத்து எழுத்து அகலத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார் டுர்க். பதினான்கு எழுத்து கட்டாயம் என்று விதி செய்துவிட்டு, அவற்றைப் பத்து எழுத்துக் கட்டத்தில் திணித்திருந்தார். மிச்சம் நான்கு சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிட்டன. நாங்கள் முழுதாகத் தட்டத் தட்ட, அது குறையாக வைத்துக்கொண்டு மறுத்திருக்கிறது.

பாதுகாப்பு அதிகாரியின் ரகசியம் ‘கடவுச்சொல்1234’ என்று நின்றது. தலைவருடையது மூன்று வொப்கெயும் ஒரு ‘வொ’வும். என் பெயருக்கு நேராக ‘நான்தான்அடுத்ததலை’ என்று இருந்தது. மிச்சம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வொப்கெக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

ஹிஸ்கெயின் வரியைப் பௌக்யாதான் உரக்கப் படித்தாள். “இந்தமுறைவிழமாட்டே.”

“மாட்டேன்னு எழுதியிருந்தேன்” என்றார் ஹிஸ்கெ, மெதுவாக. “இந்த முறை விழமாட்டேன்னு. கடைசி எழுத்தையும் பின்னாடி இருந்த எண்ணையும் புள்ளியையும் வெட்டிருச்சு.”

“வெட்டினதும் நல்லதுக்குத்தான் அக்கா. இப்ப அது உங்களப் பாத்துச் சொல்லுது.”

ஹிஸ்கெ விசைப்பலகையை அருகே இழுத்தார். பௌக்யாவின் பெயரை இருநூற்றுப் பதிமூன்றாவதாக ஏற்றினார். அச்சு இயந்திரத்தை இயக்கினார். எண்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

அப்போது டுர்க் எழுந்தார். “நிறுத்துங்க. இது அத்துமீறி நுழைஞ்சு எடுத்த அச்சு. திறந்தது உறுப்பினர் அல்லாத ஒருத்தர். கடைசியா திறந்தது ‘வொகெ’. அப்படி ஒரு ஆளே இல்ல.”

“இது ஆழமான பிரச்சினை” என்றார் வொப்கெ. அவர் கண்ணில் பழைய ஒளி வந்துவிட்டது. “அங்கீகாரமில்லாதவர் மூலம் கிடைச்ச அங்கீகரிக்கப்பட்ட எண், அங்கீகாரம் உள்ளதா இல்லையா? உடனே அவசரக் கூட்டம்.”

“வெளிய காத்து திரும்பிருச்சு” என்றபடி எழுந்தார் ஹிஸ்கெ.

“செயலாளர் இல்லாம கூட்டம் எப்படி?” என்றார் வொப்கெ.

“மூணு பேர் இருந்தா கூட்டம் செல்லும்னு விதி. மூணு பேர் இருக்கீங்க.” ஹிஸ்கெ அச்சான எண் தாள்களைத் தூக்கிப் பௌக்யாவின் கையில் கொடுத்தார். பழைய சறுக்குக் காலணியை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, “வர்றியா?” என்றார்.

என் காலணிகள் காரில்தான் இருந்தன. புதன்கிழமையே அவற்றின் கத்தி அலகைத் தீட்டி வைத்திருந்தேன். ஆனால் குறிப்பெழுத்தர் எழுந்து போனால் அந்தக் கூட்டம் நடந்ததற்குச் சாட்சி இருக்காது. “கூட்டம் முடிஞ்சதும் வர்றேன்” என்றேன்.

கூட்டம் ஒன்பதே காலுக்குத் தொடங்கியது. பத்து மணிக்கு வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது, ஓட்டம் கிளம்பிவிட்டது. வொப்கெ அப்போது ‘அங்கீகாரம்’ என்ற சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டிருந்தார். என் நாற்காலி சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரே கால்வாயில் வழுக்கிக்கொண்டு போனது. தபால்காரர் போனார், பல் மருத்துவர் போனார், ஒரு கர்ப்பிணி பிடிமானத்துக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவர்களின் காலணிச் சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நான் ‘அங்கீகாரம்’ என்று எழுதினேன்.

இரண்டரை மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது: ‘மேற்படி எண்கள் செல்லும், எனவே, ஓட்டத்தைத் தொடங்க இதனால் அனுமதி வழங்கப்படுகிறது.’ மூவரும் கையொப்பமிட்டு வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பனிக்கட்டிமேல் கணுக்கால் அளவு தண்ணீர். ஓட்டம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வொப்கெ படித்துறையில் நின்று தீர்மானத்தை முழுதாக வாசித்தார். இரண்டு வாத்துகள் கேட்டன.

ஹிஸ்கெ சூப் கடையில் உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் சிவந்து, முழங்காலில் துணி சுற்றி, கழுத்தில் பதக்கம். மூன்று மணி ஐம்பது நிமிடம். கடைசிக்கு முந்தின ஆள். கடைசி முந்நூறு மீட்டரில் தெற்குக் காற்று எதிர்த்து அடித்ததாம். குனிந்து, குழந்தை நடப்பதுபோல ஓரடி ஓரடியாக வந்தாராம். பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், தொடாமல் பௌக்யா வந்தாளாம். கடைசி ஆள் பௌக்யாதான்.

“விழலையே?” என்றேன்.

“விழல” என்றார். சூப்பில் கண்ணீர் விழுந்தது என்று குறிப்பேட்டில் எழுதலாம். ஆனால் மழையாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை டுர்க் இரண்டு பிழைகளையும் திருத்தினார். கட்டத்தைப் பதினான்கு எழுத்துக்கு அகலப்படுத்தினார். பெயர் தெரியாதவருக்குக் கதவடைத்தார். இனி அந்நியர் யாரும் உள்ளே வர முடியாது. நிர்வாகக் குழு மட்டும் எந்நேரமும் வரலாம். உலகத்தரமான பாதுகாப்பு.

அடுத்த வாரம் ஒரு மனு வந்தது. உறுப்பினர்கள் ஏறத்தாழ எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பழைய பூட்டையே திரும்ப மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

“அதுல என்ன பிழைன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி விளக்கினியா?” என்று வொப்கெ கேட்டார்.

“விளக்கினேன் தலைவரே” என்றார் டுர்க். “வர்றவங்களை எல்லாம் விட்டுச்சு, குழுவை மட்டும் வெளிய நிறுத்துச்சுன்னு தெளிவாச் சொன்னேன். அதுல பிழை எங்க இருக்குன்னு திருப்பிக் கேக்கறாங்க.”

மனுவைத் துணைக்குழுவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. வழக்கம்போல நான்தான் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன், யாரும் பார்க்காத நேரத்தில், கடைசிப் பெயருக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.